கடைசி சிப் யாருடையது?



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது போக்கர் ஆடச் சொல்லித் தரும் கட்டுரை இல்லை. 'சூதாடாதீர்கள்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் கட்டுரையும் இல்லை. அந்த அறிவுரையை நாம் எல்லோரும் சமய வகுப்பில் கேட்டுவிட்டோம். கேட்டுவிட்டு, தீபாவளி இரவில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சீட்டாடவும் உட்கார்ந்திருக்கிறோம். நான் கேட்க வருவது வேறு ஒரு கேள்வி.

கையில் மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். அதுவும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகிறது. அந்த நிலையில் சரியான முடிவு எது? இருப்பதை எல்லாம் ஒரே அடியாக வைத்துவிடுவதா? பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்தது கீதை வகுப்பில் இல்லை. ஹாஸ்டல் அறையில், தரையில் விரித்த ஒரு போர்வை மேல், ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்புக்கு முன்னால்தான்.

முதலாம் ஆண்டில் எங்களுக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தவர் எங்களைவிட இரண்டு வருஷம் மூத்த ஓர் அண்ணன். பணம் வைத்து ஆடியதில்லை. முதலில் தோற்றவன் எல்லோருக்கும் மாமாக் கடையில் தே தாரிக் வாங்கித் தரணும், அவ்வளவுதான் பந்தயம். அந்த அண்ணன் நன்றாக ஆடுவார், அதைவிட நன்றாக விளக்குவார். ஒரு நாள் என் முன்னால் சிப்புகள் கரைந்துகொண்டே வந்தன. நான் நல்ல சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"டேய் தம்பி, எட்டு பிளைண்ட்தான் இருக்கு. இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க? நல்ல சீட்டு வரும்போது உன்கிட்ட வைக்க ஒண்ணும் இருக்காது."

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

போக்கர் போட்டியில் எல்லோரும் ஒரே அளவு சிப்போடு தொடங்குவார்கள். சிப் தீர்ந்தவர் வெளியே. ஒவ்வொரு கை தொடங்கும் முன்பும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலே கட்டாயமாக ஒரு தொகை போட வேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். சின்ன பிளைண்ட் ஒன்று, பெரிய பிளைண்ட் ஒன்று. அந்த முறை மேசையைச் சுற்றி எல்லோருக்கும் வரும். போட்டி முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காக, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பிளைண்ட் தொகையை உயர்த்திக்கொண்டே போவார்கள். ஆகவே ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் சிப் கரையும். பெரிய பிளைண்டோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் குறைவாகச் சிப் வைத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் ஷார்ட் ஸ்டாக் என்பார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பிளைண்ட் 1,000, 2,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 16,000 இருக்கிறது. ஒரு சுற்று வந்தால் 3,000 போய்விடும். அப்படியானால் உங்களுக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆயுள். இந்த அளவுக்கு பால் மேக்ரியல் என்ற ஆட்டக்காரரின் பெயரை ஒட்டி 'எம்' என்று பெயர். 1995-இல் உலகப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் தன் புத்தகங்களில் எழுதியதால் அது பரவலானது.

மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள், பிளைண்ட் போட்ட இரண்டு பேர் மட்டும் பாக்கி. உங்கள் சீட்டு சுமார்தான். மொத்தம் 16,000-ஐயும் தள்ளுகிறீர்கள். இதுதான் ஆல்-இன். எதிரிக்குப் பயம் வரும்; தப்பாகிப்போனால் அவருக்கும் பெரிய அடி. பத்தில் ஏழு தடவை இருவரும் விலகிவிடுவார்கள், மூன்று தடவை பெரிய பிளைண்ட் போட்டவர் எதிர்த்து வருவார், அப்போது நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்த்தால் சராசரியாக ஒவ்வொரு தடவையும் 765 சிப் லாபம். சுமாரான சீட்டை வைத்தே!

இதே சீட்டு, இதே இடம், ஆனால் நீங்கள் காத்துக் காத்து 4,000-க்கு வந்துவிட்டீர்கள். இப்போது தள்ளினால் யார் பயப்படுவார்கள்? பெரிய பிளைண்ட் ஏற்கெனவே 2,000 போட்டிருக்கிறார். இன்னும் 2,000 போட்டால் போதும். பத்தில் ஒன்பது தடவை கண்ணை மூடிக்கொண்டு வருவார். எந்தச் சீட்டோடும் வருகிறார் என்பதால் உங்கள் வெற்றி வாய்ப்பை 40 விழுக்காடாக உயர்த்தியே கணக்குப் போட்டேன். அப்படியும் சராசரியாக 60 சிப் நஷ்டம். சதவீதங்கள் நான் எடுத்துக்கொண்டவைதான். நீங்கள் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எண்கள் கொஞ்சம் மாறும், பாடம் மாறாது. 16,000-இல் உங்களிடம் சீட்டைத் தவிர இன்னொரு பலம் இருந்தது. எதிரியை விலக வைக்கும் பலம். 4,000-இல் அது போய்விட்டது. பயந்து காத்திருந்தவன் சிப்பை மட்டும் இழக்கவில்லை, தன் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் இழந்தான்.

இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஒரு பெரிய உண்மை கிடைத்த மாதிரி இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், இப்போதும் அதில் உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். செய்ய வேண்டியதை, செய்வதற்கு வலு இருக்கும்போதே செய்ய வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்துத் தள்ளியும் தோற்கலாம். தப்பாகத் தள்ளியும் ஜெயிக்கலாம். நல்ல ஆட்டக்காரர்கள் முடிவை வைத்துத் தங்களை எடை போட மாட்டார்கள், எடுத்த தீர்மானத்தை வைத்துத்தான் எடை போடுவார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகம் படித்த நமக்கு இது புதிதா? செயல் உன்னுடையது, பலன் உன்னுடையது இல்லை. போக்கர் மேசையில் உட்கார்ந்து கர்ம யோகம் கற்கலாம் போலிருக்கிறதே என்றுகூட ஒரு தடவை நண்பர்களிடம் பேசினேன்.

அப்படிப் பேசிய வாய்தான் பிறகு ஒரு நாள் மூடிக்கொண்டது.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அது நடந்தது. அண்ணனுக்குக் கடைசி ஆண்டு. நவம்பர் மாதம். "தம்பி, மோட்டர் இருக்கா? டவுன் வரைக்கும் ஒரு வேலை" என்றார். ஏற்றிக்கொண்டு போனேன். ஓர் அடகுக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். உள்ளே இரண்டு வளையல்.

"யாரோடதுண்ணே?"

"அம்மாவோடது. ரெண்டு வாரத்துல மீட்டுடுவேன். அவங்களுக்குத் தெரியாது."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தே தாரிக் பந்தயத்தை விட்டுவிட்டுப் பல மாதமாக அவர் கைப்பேசியில் பணம் வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது.

"நான் இப்ப ஷார்ட் ஸ்டாக்கா இருக்கேன்டா. இப்பத் தள்ளலன்னா பிளைண்டே என்னைத் தின்னுடும். உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு உடனே புரிந்தது. புரிந்ததால்தான் எனக்குப் பதில் வரவில்லை. அவர் உள்ளே போனார். நான் வெளியே மோட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டே இரவில் அந்தப் பணமும் போனது.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். அவர் கணக்கில் எங்கே தப்பு? 'பேராசை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் பேசிய தர்க்கம் பேராசைக்காரனுடையது மாதிரி இல்லை. போட்டியில் அதே தர்க்கம் சரியானது, நானே போட்டுக் காட்டினேன். மேசையில் சரியாக இருக்கும் ஒன்று அடகுக் கடை வாசலில் எப்படித் தப்பாகிறது?

முதல் விடை போக்கரின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. டேபிள் ஸ்டேக்ஸ் என்று ஒரு விதி. கை தொடங்கியபோது மேசை மேல் என்ன இருந்ததோ அதைத்தான் பந்தயம் வைக்கலாம். நடுவில் பையில் கைவிட்டுப் பணம் எடுக்க முடியாது. மோதிரத்தைக் கழற்றி வைக்க முடியாது. வீட்டுப் பத்திரத்தை வைக்க முடியாது. போட்டியில் இது இன்னும் கண்டிப்பு. நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று, சிப் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ஆல்-இன் என்றால் 'எல்லாம்' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது எல்லாம் இல்லை. முன்கூட்டியே வேலி போட்ட ஒரு சின்னத் தோட்டத்துக்குள் இருக்கும் எல்லாம். அந்த வேலி இருப்பதால்தான் உள்ளே துணிச்சல் ஒரு நற்குணமாக இருக்க முடிகிறது.

வேலி இல்லாத சூதாட்டம் எப்படி இருக்கும்? நமக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். சபா பருவத்தில் தருமர் முதலில் செல்வத்தை வைத்தார், நாட்டை வைத்தார். பிறகு நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக வைத்தார். பிறகு தன்னையே வைத்துத் தோற்றார். போக்கர் மேசையாக இருந்தால் செல்வம் தீர்ந்த இடத்திலேயே 'எழுந்திருங்கள் ஐயா' என்று அனுப்பியிருப்பார்கள். அங்கே சகுனி அனுப்பவில்லை. உன்னிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, திரௌபதியை வைத்து உன்னையே மீட்டுக்கொள் என்றான். அந்தப் பேச்சின் நயத்தைப் பாருங்கள். 'இழ' என்று அவன் சொல்லவில்லை. 'மீட்டுக்கொள்' என்றான். இரண்டு வாரத்தில் மீட்டுவிடுவேன் என்ற அதே சொல்.

இங்கேதான் ஷார்ட் ஸ்டாக் நிலையின் பெரிய ஆபத்து எனக்குத் தெரிகிறது. கையில் குறைந்தால் நாம் அதிகம் துணிகிறோம் என்பது மட்டும் இல்லை. எது சிப், எது சிப் இல்லை என்ற பார்வையே மங்கிவிடுகிறது. நிறைய இருக்கும்போது அம்மாவின் வளையல் வளையலாகவே தெரியும். குறையும்போது அதுவே தொகையாகத் தெரியும். அரண்மனை நிறையப் பொன் இருந்தபோது 'தம்பியைப் பந்தயம் வைப்பீர்களா' என்று தருமரிடம் யாராவது கேட்டிருந்தால் கேட்டவரை அடித்து விரட்டியிருப்பார்.

திரௌபதி அழைக்க வந்த ஆளிடம் கேட்டனுப்பிய கேள்வி ஒன்றுதான். அவர் முதலில் இழந்தது தன்னையா, என்னையா? இது வழக்குமன்றத் தந்திரம் இல்லை. 'அந்தச் சிப் யாருடையது' என்ற கேள்வி. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லித் தீர்ப்புச் சொல்லாமல் நின்றார். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதி இந்தத் திரௌபதியோடு இணைந்ததுதான். நம் மக்கள் தீயில் இறங்குவது பந்தயம் வைத்தவரை நினைத்து இல்லை, பந்தயமாக வைக்கப்பட்டவளை நினைத்து.

வேலியை நினைவில் வைத்திருந்த ஒருவரும் அதே மகாபாரதத்தில் இருக்கிறார். வன பருவத்தில் பிருகதசுவ முனிவர் தருமருக்கே சொல்லும் கதை. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவால் தமிழர்க்கு நெருக்கமான கதை. நளன் தம்பி புட்கரனிடம் எல்லாவற்றையும் தோற்றான். இனி தமயந்திதான் பாக்கி, வை என்றான் புட்கரன். நளன் பதில் பேசவில்லை. அணிகளைக் கழற்றிவிட்டு உடுத்திய ஒரே துணியோடு வெளியே நடந்தான். சின்ன வயதில் இதை அவமானக் காட்சியாகத்தான் படித்தேன். இப்போது அது அவன் வாழ்க்கையிலேயே சிறந்த தீர்மானமாகப் படுகிறது. தோற்றவன் எழுந்து நடப்பதும் ஒரு வீரம்.

ஆனால் கதையை முழுதாகச் சொல்வதுதான் நேர்மை. பிறகு நளன் இருதுபன்ன மன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்கிறான். மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன மன்னன் அவன். ஒரு விதத்தில் நம் புள்ளியியல் பாடத்துக்கு முன்னோடி! அதைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்த நளன், வியாச பாரதத்தில், தன் செல்வத்தோடு தமயந்தியையும் பந்தயமாகச் சொல்லித்தான் புட்கரனை மறுபடி ஆட்டத்துக்கு அழைக்கிறான். ஜெயிக்கிறான். கதை சுபமாக முடிகிறது. எனக்கு அது உறுத்துகிறது. கணக்குத் தெரியாத நளன் நிறுத்தினான். கணக்குத் தெரிந்த நளன் வைத்தான். பொறியியல் படிக்கும் நாம் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாய்ப்புக் கணக்கு எவ்வளவு வைக்கலாம் என்று சொல்லும். எதை வைக்கக் கூடாது என்று சொல்லாது. அதற்கு வேறு படிப்பு வேண்டும்.

இரண்டாவது விடை. போட்டியில் காத்திருந்தால் அழிவு என்பது உண்மை. ஏன்? அங்கே சிப் வர ஒரே வழி அடுத்தவரிடமிருந்து பறிப்பதுதான். உழைத்து ஒரு சிப் சம்பாதிக்க முடியாது. வாழ்க்கை அப்படியா? கட்டணத் தவணை கேட்கலாம். ஒரு செமஸ்டர் தள்ளிவைக்கலாம். வார இறுதியில் வேலைக்குப் போகலாம். இவை மெதுவான வழிகள், அண்ணனின் கண்ணுக்கு அவை வழியாகவே படவில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34ஆம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பல். மனைவி விலகிவிட்டாள், கடன்காரன் தேடுகிறான், ஆனாலும் பகடையின் சத்தம் கேட்டால் கால் அங்கேயே போகிறது என்று புலம்புகிறான். அந்தச் சூக்தம் அவனுக்குத் தரும் யோசனை, பகடையை விட்டு உன் வயலை உழு என்பதுதான். இதை வெறும் உபதேசமாக நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு கணக்குத் திருத்தம். நீ நிற்பது போட்டி மேசை இல்லை, உனக்கு இன்னும் வயல் இருக்கிறது என்று அது சொல்கிறது.

மூன்றாவது விஷயம் கடைசி சிப்பின் விலை. மூன்று பேர் மிச்சம் இருக்கும் ஒரு போட்டியில் பரிசு 500, 300, 200 ரிங்கிட் என்று வைப்போம். எல்லாச் சிப்பையும் வென்றவருக்கும் 500தான், 1,000 இல்லை. ஒரே ஒரு சிப்போடு உட்கார்ந்திருப்பவருக்கோ 200 ரிங்கிட் உறுதி. அப்படியானால் அந்த ஒற்றைச் சிப்தான் மேசையிலேயே விலை கூடியது. போக்கர்காரர்கள் இதற்கு ஐ.சி.எம். என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். சிப் இரட்டிப்பானால் மதிப்பு இரட்டிப்பாவதில்லை. ஆனால் கடைசி சிப் போனால் எல்லாமே போகிறது. நம் மனம் நேர்மாறாக வேலை செய்கிறது. 'போனதே அவ்வளவு, இது போனால் என்ன' என்கிறது. கடைசியில் மிஞ்சியதுதான் மலிவாகத் தெரிகிறது.

'ஒரு சிப் போதும்' என்று நம்பிக்கை தருபவர்கள் ஜாக் ஸ்ட்ராஸ் கதையைச் சொல்வார்கள். 1982-இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் முதன்மை ஆட்டம். 104 பேர், ஆளுக்கு 10,000 டாலர். ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் தோற்று எழுந்தபோது, அவர் இடத்தில் மறைந்திருந்த ஒரே ஒரு 500 சிப் கண்ணில் பட்டதாம். ஆல்-இன் என்று வாயால் சொல்லாததால் தொடர அனுமதித்தார்களாம். அதிலிருந்து ஏறி வந்து 520,000 டாலர் வென்றார். நல்ல கதைதான். ஆனால் கடைசி சிப்போடு உட்கார்ந்து தோற்ற ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அதன் முதல் குறளே வெற்றியைத்தான் எச்சரிக்கிறது, மீன் விழுங்கிய தூண்டில் என்று. வள்ளுவர் தோல்வியிலிருந்து தொடங்காமல் வெற்றியிலிருந்து தொடங்கியதன் காரணம் எனக்கு ஸ்ட்ராஸ் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்ட்ராஸ் வைத்தது ஒரு சிப். யாருடைய வளையலும் இல்லை.

இப்போது கீதைக்குத் திரும்புகிறேன். 'பலன் என் கையில் இல்லை' என்று அண்ணனும் சொன்னார். பலனில் பற்று வைக்காதே என்பதை, எதை வைத்தாலும் பரவாயில்லை என்று நாம் மாற்றிப் படித்துவிட்டோம். எந்தச் சீட்டு விழும் என்பது பலன். எதைப் பந்தயமாக வைக்கிறேன், அது யாருடையது, தோற்றால் யார் அழுவார்கள் என்பது பலன் இல்லை. அது செயலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நமக்கு முழு அதிகாரம் உண்டு, ஆகவே முழுப் பொறுப்பும் உண்டு.

இந்தப் பொறுப்பு ஆடியவருக்கு மட்டுமா? சபையில் விதுரர் ஆரம்பத்திலேயே தடுத்துப் பேசினார். கௌரவரில் ஒருவனான விகர்ணனும் எழுந்து பேசினான். மற்றப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதில் பீஷ்மர் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம். அடகுக் கடை வாசலில் மோட்டர் மேல் உட்கார்ந்திருந்தவன் யார்? வேடிக்கை பார்த்தவன்கூட இல்லை, ஏற்றிக்கொண்டு போனவன். 'அண்ணே, இது வேண்டாம்' என்ற மூன்று வார்த்தைக்கு என்ன செலவு?

பொங்கலுக்குப் பிறகு, மார்ச் மாதத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அண்ணே, அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே போய்ச் சொன்னார். அம்மா சொன்ன பதிலை அவர் பிறகு என்னிடம் சொன்னார்:

"பொங்கலுக்குப் போட்டுக்கலாம்னு தேடினேன்யா. அப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு இதைக் கேட்டதும் அந்த எட்டு பிளைண்ட் கணக்குதான் நினைவுக்கு வந்தது. தள்ள வேண்டியதை வலு இருக்கும்போதே தள்ளு என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் தள்ள வேண்டியிருந்தது வளையலை இல்லை, உண்மையை. கட்டணப் பணத்தில் பாதி போனபோதே வீட்டில் சொல்லியிருந்தால், அவர் சொல்லுக்கு அப்போது 16,000 மதிப்பு. வளையல் காணாமல் போய், அம்மா தேடி, நான்கு மாதம் கழித்துச் சொன்னபோது 4,000-ஆவது இருந்திருக்குமா? நல்லவேளை, எதிரே இருந்தது போக்கர் எதிரி இல்லை, அம்மா.

ஆறு மாதக் கெடு முடியும் முன்பே, ஏப்ரலில், வளையல் மீட்கப்பட்டது. அம்மா கொஞ்சம் கொடுத்தார், மீதி அண்ணன் சனி ஞாயிறு வேலை செய்து சேர்த்தது. ஒரு செமஸ்டர் தாமதமாகப் படிப்பை முடித்தார். இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே அனுப்புகிறேன். "பேரு மட்டும் போடாதடா" என்றார்.

நம்மில் பலர் சூதாடாதவர்கள். ஆனாலும் ஷார்ட் ஸ்டாக் நிலை எல்லோருக்கும் வரும். மதிப்பெண் சரிந்து தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தொழில் தொடங்கிக் கடன் ஏறும்போது, கிரிப்டோவில் பாதி போய் மீதியையும் போடலாமா என்று கை துடிக்கும்போது, ஓர் உறவு முறியும் நேரத்தில். அந்த நேரத்தில் வேலி எங்கே என்று தேடினால் கிடைக்காது. வேலியை, நிறைய இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். எவை என் சிப், எவை எந்த நிலையிலும் சிப் ஆகாது என்று இன்றைக்கே, பசி இல்லாத வயிற்றோடு, பதற்றம் இல்லாத மனதோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதினேன். அடுத்தவர் நகை, படிப்புக் கட்டணம், உடம்பு, கொடுத்த வாக்கு. பட்டியல் சின்னதுதான்.

அந்தத் தாளின் கீழே ஒரு பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். நான் அந்தக் கோட்டைத் தாண்டப் போனால் என்னைத் தடுக்க வேண்டியவரின் பெயர். அது அந்த அண்ணனுடைய பெயர்தான். அவரிடம் சொல்லியும்விட்டேன். "வெளியே மோட்டர்ல உக்கார மாட்டேன்டா, உள்ள வந்து இழுத்துட்டு வருவேன்" என்றார்.